மூன்று சக்கரமும் நான்காவது எலுமிச்சம்பழமும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

எழுபது வயதைக் கடந்த ஒருவன் தன் தவற்றைத் தானே எழுத முன்வருவதற்கு இரண்டு காரணங்கள்தாம் இருக்க முடியும். ஒன்று, அவன் மனம் பக்குவப்பட்டிருக்க வேண்டும். மற்றொன்று, அந்தத் தவற்றை ஊரே அறிந்திருக்க வேண்டும். என் நிலை இரண்டாவது.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்துப் பிழைத்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது (நான்தான் பள்ளியை விட்டதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்). பம்ப் செட்டுக்கு உதிரி பாகங்கள் கடைந்துகொண்டே, கையில் அகப்பட்ட நூல்களையெல்லாம் படித்துத் தமிழும் பொது அறிவும் தேடிக்கொண்டேன். தானாகப் படித்தவனிடம் ஒரு குறை உண்டு. படித்ததை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும். கேட்க ஆள் இல்லையென்றால் செய்து காட்ட வேண்டும். என் வீழ்ச்சி அங்கேதான் தொடங்கிற்று.

பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருந்த நாளில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். அங்கே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனி நாட்டுப் பொறியாளர் ஒருவர் செய்த மோட்டார் வண்டியின் மாதிரி ஒன்றைக் கண்டேன். அதைக் கார் என்று சொல்ல நா எழாது. சைக்கிள் சக்கரம் போல மூன்று சக்கரங்கள். முன்னே ஒன்று, பின்னே இரண்டு. கூரை இல்லை, கதவு இல்லை. ஸ்டியரிங் வட்டமாக இல்லை. காபிக்கொட்டை அரைக்கும் மிஷினின் பிடியைப் போல ஒரு சிறு கைப்பிடி. இருக்கைக்குப் பின்னால் ஒரே ஒரு சிலிண்டர், மேலாடை இல்லாமல் திறந்த மேனியாகக் கிடந்தது. அதன் அடியில் திருகைக்கல் போலப் படுத்த வாக்கில் ஒரு பெரிய சக்கரம். அதைக் கையால் சுழற்றினால்தான் எஞ்சினுக்கு உயிர் வரும். ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினுக்கு மேலே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும். அது சிலிண்டரைச் சுற்றி வந்து, கொதித்து, ஆவியாகப் போய்விடும். போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பெட்ரோல் பங்க் என்பதே உலகத்தில் இல்லாத காலம். துணிக்கறை போக்க மருந்துக்கடையில் விற்ற எண்ணெயைச் சீசாவில் வாங்கி ஊற்றினார்களாம்.

செய்தவர் அதை ஊருக்கு வெளியே கொண்டுபோகவே தயங்கினாராம். அவருடைய மனைவிதான் ஒரு விடியற்காலையில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த தாய்வீட்டுக்கு ஓட்டிப் போனார். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பியைக் கூந்தலோடு பிடித்து வைக்கும் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக்குக்கு இருந்தது வெறும் மரக்கட்டை. அது தேய்ந்தபோது செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்துத் தோல் அடித்துக்கொண்டார். மேடு வந்தால் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

இவ்வளவையும் படித்த எனக்கு அந்த அம்மையாரின் துணிவு பெரிதாகப் படவில்லை. "இதில் என்ன இருக்கிறது? நம் தோட்டத்து ஆயில் எஞ்சினுக்குச் சக்கரம் மாட்டியதுதானே" என்றுதான் பட்டது. (கோவை வட்டாரத்தில் பிறந்தவனுக்கு எந்த இயந்திரத்தைக் கண்டாலும் இப்படித்தான் தோன்றும். நிலவுக்குப் போன வண்டியைக் காட்டினாலும், "பேரிங் யாருதுங்க?" என்று கேட்போம்.)

பதினான்கு மாதம் உழைத்தேன். எஞ்சின், ஒரு தோட்டத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய பெட்ரோல் பம்ப் செட்டினுடையது. பெல்ட், மாவு மில்லில் கழித்துப் போட்டது. முன் சக்கரம் என் சொந்தச் சைக்கிளினுடையது. இருக்கை, எங்கள் வீட்டு சோபாவில் பாதி. தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மட்டும் எதுவும் பொருந்தி வரவில்லை. கடைசியில் என் மனைவி சரசுவதியின் பித்தளைத் தவலை பொருந்திற்று.

"ஏனுங்க, அது எங்கம்மா ஊட்டுச் சீருங்க. அதுல போயி ஓட்டை போட்டுப்போட்டீங்களே" என்றாள்.

"அது ஓட்டை இல்லை. நீர் வெளியேறும் வாய்" என்று விளக்கினேன்.

"தண்ணி வெளிய போச்சுன்னா அதுக்குப் பேரு ஓட்டைதானுங்க" என்று சொல்லிவிட்டு, மிஞ்சிய பாதி சோபாவில் போய் அமர்ந்தாள்.

வண்டி ஓடிற்று. பட்டறையைச் சுற்றி ஏழு சுற்று ஓடிற்று. அத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே இருந்திராது. ஆனால் அந்த வைகாசியில் என் தங்கை தங்கமணியின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. நான் தாய்மாமன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் மணவறையில் நிற்காமல் தாலி ஏறாது. அப்பேர்ப்பட்ட பொறுப்பில் இருந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? குளித்து, வேட்டி கட்டி, மண்டபத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நானோ, மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டிதான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

தங்கமணிக்கு விருப்பமில்லை. "அண்ணா, முகூர்த்தம் காலையில ஆறுல இருந்து ஏழரை வரைக்குந்தான். வேற காரு சொல்லீரலாங்கண்ணா" என்றாள்.

"பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் ஒன்றரைக் கிலோமீட்டர். பத்து நிமிஷத்துல மாப்பிள்ளையக் கொண்டாந்து உன்ற வாசல்ல நிறுத்தறேன் கண்ணு" என்று வாக்குக் கொடுத்தேன். மூத்தவன் வாக்கை மறுத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு அன்றுவரை இருந்ததில்லை.

மாப்பிள்ளை கார்த்தி, வெள்ளகோவில் பக்கம். பொறியியல் படித்தவர். அவருடைய பெரியப்பா சென்னியப்பன் முப்பது ஆண்டுகளாக ரைஸ் மில் நடத்துபவர். பெரியம்மா பாவாத்தாள்தான் அந்தக் குடும்பத்தின் சாத்திர சம்பிரதாயம் அனைத்துக்கும் இறுதித் தீர்ப்பு. ஐந்தரை மணிக்குக் கோயில் வாசலில் மாப்பிள்ளையைப் பாதி சோபாவில் ஏற்றினோம். பட்டு வேட்டி, மாலை, நெற்றியில் சந்தனம். பார்க்க நன்றாகவே இருந்தது. புதிய வண்டி கிளம்புமுன் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கமல்லவா? பாவாத்தாள் சாமி காலடியில் வைத்து எடுத்த பழங்களோடு வந்தார். முன் சக்கரத்துக்கு ஒன்று வைத்தார். பின்னே இரண்டு வைத்தார். கையில் ஒன்று மிஞ்சிற்று. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இன்னொரு சக்கரம் எங்கீங்க?"

"மூணுதானுங்க அம்மணி. வரலாற்றுப்படி மூணுதான்."

"வரலாறு மூணா இருக்கட்டுமுங்க. பழம் நாலு. சாமிகிட்ட வெச்ச பழத்த மிச்சம் பண்ணிப்போட்டு மாப்பிள்ள கெளம்பப்படாதுங்க."

முன் சக்கரத்துக்கே இரண்டு வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சக்கரத்துக்கு ஒன்றுதான் கணக்கு என்று பாவாத்தாள் மறுத்தார். பிழிந்து குடித்துவிடலாம் என்றார் சென்னியப்பன். அவரை அவர் மனைவி பார்த்த பார்வையில் அவர் கோயிலை வலம் வரப் போய்விட்டார். மணி ஐந்தே முக்கால் தாண்டிற்று. அப்போது என் பொது அறிவு விழித்துக்கொண்டது. கடைகளில் கல்லாப்பெட்டி ஓரம் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி எலுமிச்சம்பழம் மிதக்க விடுவது கண்ணேறு கழியத்தானே? என் வண்டியின் தலையிலோ ஒரு தவலை நிறையத் தண்ணீர் இருக்கிறது. பழத்தை வாங்கி, நானே, என் கையாலேயே, தவலைக்குள் போட்டேன். அது அழகாக மிதந்தது.

"இப்பச் சரிங்க" என்றார் பாவாத்தாள். "சம்பந்திக்கு மூளைங்க" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. அன்றைய நாளில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட கடைசி நல்ல சொல் அதுதான்.

படுத்திருந்த சக்கரத்தை இரு கையாலும் சுழற்றினேன். மூன்றாம் சுற்றில் எஞ்சின் இருமிற்று. நான்காம் சுற்றில் உறுமிற்று. நாதசுவரக்காரர் ஒரு கணம் வாசிப்பை நிறுத்தி, தம் கருவியில் ஏதும் பழுதோ என்று பார்த்துக்கொண்டார். இங்கிலாந்தில் அந்நாளில் இத்தகைய வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும், அவர் கையில் சிவப்புக் கொடி இருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் இருந்ததாகப் படித்திருந்தேன். வரலாற்றுக்கு முரணாகக் கூடாதென்று, என் நண்பர் நஞ்சப்பனைச் சிவப்புத் துண்டோடு முன்னால் நடக்க வைத்திருந்தேன். எதிரே பால் வண்டியில் வந்தவர் ஒதுங்கி நின்று, "எந்தக் கட்சி ஊர்வலமுங்க?" என்றார். "பொண்ணூட்டுக் கட்சிங்க" என்று சொல்லிவிட்டு நஞ்சப்பன் நடந்தார்.

ஓட்டிய எனக்கு அது பேரின்பம். சங்கிலி ஒரு சுருதி, பெல்ட் ஒரு சுருதி. எண்ணெய் சொட்டுச் சொட்டாக என் செருப்பில் விழுந்தது. தவலையிலிருந்து ஆவி எழும்பி மாப்பிள்ளையின் பிடரியில் பட்டது. அவர் அசையவில்லை (நல்ல வளர்ப்பு). நான் தலையைத் திருப்பித் திருப்பி ஜெர்மானிய அம்மையாரின் கதையை உரத்த குரலில் சொல்லிக்கொண்டே போனேன். தண்ணீர் குறைந்ததும் நிறுத்தி ஒரு குடம் ஊற்றினேன். மீண்டும் ஏறி நூறடி போயிருப்போம். சூடேறிய இரும்பின் நெடி வந்தது. எஞ்சின் இரண்டு முறை தட்டிவிட்டு நின்றது. சுழற்றும் சக்கரம் அசைய மறுத்தது.

உலகில் பிற பகுதிகளில் வண்டி நின்றுபோனால் மெக்கானிக்கைத் தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்குகளை விலக்கிவிட்டு வண்டியைத் தேட வேண்டும். பின்னால் நடந்து வந்த கூட்டத்தில் லேத் வைத்திருப்பவர், பம்ப் செய்பவர், மில் ஓட்டுபவர் தவிர வேறு ஆண்களே இல்லை. அத்தனை பேரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"சித்தே தள்ளுங்க. முப்பது வருசமா மில்லு ஓட்டறனுங்க" என்று குனிந்தார் சென்னியப்பன்.

"மில்லு கரண்டுல ஓடுதுங்க மாமா. இது எஞ்சினுங்க. ஸ்பார்க் பிளக்கு போயிருக்கும்" என்றார் எங்கள் பக்கத்துப் பம்ப்காரர் ஒருவர்.

"பிளக்குப் போனா சூடாகுமுங்களா? தண்ணியில்லைங்க."

"தவலை தளும்பத் தளும்பத் தண்ணி இருக்குதுங்களே. கண்ணு தெரியலீங்களா?"

தண்ணீர் தளும்பியது உண்மை. ஆகவே தண்ணீர்மேல் யாருக்கும் ஐயம் எழவில்லை. பிளக்கைக் கழற்றினார்கள். பிறகு கார்புரேட்டரை. அது முடிந்ததும், வெள்ளகோவில்காரர் கழற்றினால் பெரியநாயக்கன்பாளையத்துக்காரர் சும்மா இருப்பதா என்று வால்வைக் கழற்றினார்கள். வெற்றிலைத் தட்டை மூடியிருந்த துண்டு தரையில் விரிந்தது. அதில் என் பதினான்கு மாதம் வரிசையாக வந்து அமர்ந்தது.

"மாமா, பிஸ்டன் ஜாம் ஆயிருக்கும். நான் வேணா எறங்கிப் பாக்கட்டுங்களா?" என்று கார்த்தி மேலிருந்து கெஞ்சினார். ஸ்பேனரைப் பார்த்து அவர் விரல்கள் துடித்தன.

"நீ பேசாம உக்காரு கண்ணு" என்றார் பாவாத்தாள். "ஏறுன மாப்பிள்ள நடுவழியில எறங்கப்படாது."

இதனால் வேறு காருக்கு மாற்றுவதற்கும் வழி அடைபட்டது. இருபது பேர் கீழே இரும்பைக் கழற்ற, மாலையோடு நடுவில் மாப்பிள்ளை கோயில் உற்சவர்போல வீற்றிருந்தார். தங்கமணி போனில் அழைத்தாள். "வந்துட்டே இருக்கறோம் கண்ணு" என்றேன். ஆறரைக்கு மீண்டும் அழைத்தாள், அதையே சொன்னேன். ஏழடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் மூன்றாம் முறை அழைத்தாள். "புள்ள மணவறையில உக்காந்து வாசலையே பாத்துட்டிருக்குதுங்கண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளையும் இங்கே, தாய்மாமனும் இங்கே. மண்டபத்தில் கல்யாணத்துக்கு மிச்சம் இருந்தது என் மருமகளும் சாம்பாரும்தாம்.

சீர்த்தட்டோடு பின்னால் நின்றிருந்த சரசுவதி அருகே வந்தாள்.

"ஏனுங்க, ரசம் வாசம் வருதுங்க."

"மண்டபத்துச் சமையலா இருக்கும். தள்ளி நில்லு."

"மண்டபம் இன்னும் அரைக் கிலோமீட்டருங்க. காத்தும் அந்தப் பக்கமாத்தான் அடிக்குது. இது எலுமிச்ச ரசம்." மூக்கை முன்னே விட்டு நடந்து, தன் தாய்வீட்டுத் தவலையண்டை வந்து எட்டிப் பார்த்தாள். "பழம் எங்கீங்க?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. விளங்காமலே இருந்திருக்கலாம். தண்ணீர் கொதித்து வற்றியபோது மிதந்த பழமும் கூடவே இறங்கி, வெந்து மெத்தென்றாகி, நான் போட்ட துளையில் தக்கைபோல உட்கார்ந்துவிட்டது. அதன்மேல் நான் ஊற்றிய குடம் தண்ணீரும் தவலையோடு நின்றது. எஞ்சினுக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை.

சரசுவதி கொண்டை ஊசியை உருவி நிமிர்த்தினாள். வெதுவெதுத்த தண்ணீரில் முழங்கை வரை கைவிட்டு, ஒரே குத்தில் பழத்தை வெளியே எடுத்து உயர்த்திப் பிடித்தாள். தோல் சுருங்கி, நிறம் வெளுத்து, சாறு வடிய அது தொங்கிற்று. அந்த நிமிடத்தில் அதற்கு ஒப்பாக அங்கே என் முகம் ஒன்றுதான் இருந்தது.

"வழியெல்லாம் தொப்பி ஊசிக் கதை சொல்லீட்டு வந்தீங்களே மாமா, அந்தம்மா இவங்கதானுங்களா?" என்றார் மாப்பிள்ளை. பட்டு வேட்டிகள் அனைத்தும் சிரித்தன. சென்னியப்பனுக்கு மட்டும் வருத்தம். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பனுங்க" என்றார், கையில் என் கார்புரேட்டரோடு.

மணி ஏழு கடந்துவிட்டது. துண்டில் கிடந்ததையெல்லாம் மீண்டும் மாட்ட ஒரு நாள் வேண்டும். மாப்பிள்ளை இறங்கக் கூடாது. மேடு வந்தபோது அந்த ஜெர்மானியச் சிறுவர்கள் என்ன செய்தார்களோ அதுவே எங்களுக்கும் விதிக்கப்பட்டது. நான் மீண்டும் ஏறிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். இரண்டு ஊர்த் தொழிலதிபர்களும் பின்னால் நின்று தள்ளினார்கள். வரலாற்றில் அவ்வண்டி அவ்வளவு வேகமாக எங்கும் போயிருக்காது. மண்டபத்துத் தெரு சற்று இறக்கம். தள்ளியவர்கள் கை நழுவவிட்ட பிறகும் வண்டி போயிற்று.

பிரேக்கை இழுத்தேன். வெறும் மரக்கட்டை கீச்சிட்டது, நிற்கவில்லை. தோல் அடிக்க வேண்டும் என்று படித்தவன் நான், பிறருக்கு எடுத்துச் சொன்னவன் நான், அடிக்காமல் விட்டவனும் நானே. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் இரு பக்கமும் ஒதுங்கினார்கள். நஞ்சப்பன் சிவப்புத் துண்டை வீசிவிட்டுப் பூக்கடைக்குள் புகுந்தார். மண்டப வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழை மரங்களில் இடப்பக்கத்ததை முன் சக்கரம் தழுவிக்கொண்டது. வண்டி நின்றது. மரம் மெதுவாகச் சாய்ந்து, பூவன் குலையை என் மடியில் வைத்தது.

மாப்பிள்ளை மாலை கலையாமல் இறங்கினார். ஏழு பத்து.

தங்கமணி வாசலில் நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குலையைப் பார்த்தாள். "அண்ணா, மொகத்தக் கழுவிட்டு மேல வாங்க. மத்தத மத்தியானம் பேசிக்கலாம்" என்றாள். தாலி நேரத்துக்குள் ஏறிற்று. என் மருமகள் என்னைக் கண்டதும் மணவறையிலேயே சிரித்துவிட்டாள். மை சற்றுக் கலைந்திருந்தது, அழுதிருக்கிறாள். மாமன் சீராக நான் கொடுத்த பட்டுப் புடவையில் என் ஐந்து விரலும் கரியாகப் பதிந்தன. அவள் அதை இன்றுவரை வெளுக்கப் போடவில்லை. தங்கமணி சொன்ன அந்த மத்தியானமோ ஒன்பது ஆண்டுகளாகியும் இன்னும் முடியவில்லை.

தவலை அடைப்பு வைக்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. சோபாவின் மறு பாதியும் திரும்பிற்று. தைத்த இடத்தில் என்னைத்தான் உட்கார வைக்கிறார்கள். வண்டி பட்டறையில் நிற்கிறது. எங்கள் இரு குடும்பத்திலும் யார் வண்டி வாங்கினாலும் சக்கரங்களுக்குப் போக ஒரு பழம் அதிகம் வாங்குகிறார்கள். அதை மாலை மரியாதையோடு என் கையில் கொடுத்து, நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிய பிறகுதான் வண்டியைக் கிளப்புகிறார்கள்.

சென்ற மாதம் கார்த்தி மின்சாரக் கார் வாங்கினார். நான் வழக்கம்போல் பத்தடி தள்ளி நின்றேன். அவர் பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதுல தண்ணி ஊத்தற எடமே இல்லைங்க மாமா. தைரியமாப் பக்கத்துல வாங்க."

ஐயா, அம்மணி, இச்சம்பவத்தை இப்போது பலரும் பலவிதமாகச் சொல்லி வருகிறார்கள். சென்னியப்பன் எலுமிச்சம்பழத்தைத் தேங்காயாக்கிவிட்டார். கண்டுபிடித்தவரும் தாமே என்கிறார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். இத்தாள்களைத் தயவுசெய்து எடுத்து வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.